பிரிட்டிஷ் ஆங்கிலமா, அமெரிக்க ஆங்கிலமா? காப்பி எடிட்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டன் பதிப்பகங்களின் கைப்பிரதிகளைச் சென்னையில் உட்கார்ந்து திருத்துகிறவர்கள் நிறைய பேர். புதிதாக வருகிறவர்கள், நாங்கள் சேர்ந்த காலத்தில் செய்த தவறுகளையே இப்போதும் செய்கிறார்கள். ‘கலர்’ என்று எழுத யூ வேண்டுமா என்பதை ஸ்பெல்செக்கே சொல்லிவிடும், அதை விடுங்கள்.

இசட் என்றாலே அமெரிக்கா என்று நினைப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். பிரிட்டிஷ் நூல் என்றதும் ஃபைண்ட்-ரீப்ளேஸைத் திறந்து, ஐ-இசட்-இ என்று முடிகிற எல்லாவற்றுக்கும் எஸ் போட்டுவிடுகிறார்கள். அளவைச் சொல்லும் ‘சைஸ்’கூடத் தப்பாது. அந்த இசட் கிரேக்க விகுதியிலிருந்து வந்தது, வெப்ஸ்டர் 1828இல் அமெரிக்க அகராதியை வெளியிடுவதற்கு வெகுகாலம் முன்பே இங்கிலாந்தில் புழங்கியது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ‘ஆர்கனைஸ்’ என்பதை இன்றும் இசட்டோடுதான் தருகிறது. ஆனால் ‘அனலைஸ்’ அந்த விகுதியில் சேராது, அதனால் அங்கே ஆக்ஸ்ஃபோர்டும் எஸ்தான். ‘அட்வர்டைஸ்’, ‘சர்ப்ரைஸ்’ இரண்டுக்கும் அமெரிக்கர்களும் எஸ்தான் போடுகிறார்கள்.

ஒருமுறை ஒரு வரலாற்று நூலில் இப்படி மொத்தமாக மாற்றியதில், உலக சுகாதார நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரில் இருந்த இசட் போய்விட்டது, பேர்ல் ஹார்பருக்கு ஒரு யூ முளைத்தது, நூற்பட்டியலில் இருந்த அமெரிக்கப் புத்தகத் தலைப்புகள் எல்லாம் பிரிட்டிஷாகிவிட்டன. பக்கம் கட்டி ப்ரூஃப் போன பிறகுதான் நூலாசிரியர் கண்ணில் பட்டது. வரிவரியாகத் திரும்பச் சரிபார்த்தோம், அந்தச் செலவு எங்கள் தலையில், அடுத்த நூல் வேறு இடத்துக்குப் போய்விட்டது. பெயர், மேற்கோள், நூல் தலைப்பு, இந்த மூன்றிலும் தயவுசெய்து கை வைக்காதீர்கள். அப்புறம், எந்த எழுத்துமுறை வேண்டும் என்று பதிப்பகம் எழுதித் தருகிற ஸ்டைல் ஷீட்டைப் படிக்காமல் ஒரு எழுத்தைக்கூட மாற்றாதீர்கள்.

யூவை எல்லா இடத்திலும் சேர்ப்பது

பிரிட்டனில் ‘ஹானர்’ யூவோடு வரும், ‘ஹானரரி’ யூ இல்லாமல்தான்.

மீட்டர்

பிரிட்டனில் நீளத்தைச் சொல்லும் மீட்டர் ஆர்-இ என்று முடியும், கரண்ட் மீட்டர் இ-ஆர் என்று முடியும்.

பிரிட்டிஷ் உச்சரிப்பு ஒன்றுதான் என்று நம்புவது

குளியலைக் குறிக்கும் ‘பாத்’ லண்டன் பக்கம் நெடில், வடக்கு இங்கிலாந்தில் குறில். வார்த்தையின் கடைசியில் வரும் ஆர் லண்டனில் பெரும்பாலும் கேட்காது, ஸ்காட்லாந்தில் நன்றாகவே கேட்கும். ஊர்ப்பெயர்களில் எழுத்தை நம்பவே வேண்டாம்: ‘லெய்செஸ்டர்’ என்று படிக்கத் தோன்றும் ஊர் லெஸ்டர், ‘கிரீன்விச்’ அங்கே கிரெனிச். ஆடியோ புத்தகத்துக்குக் குறிப்பு எழுதும்போது ஒவ்வொரு ஊர்ப்பெயரையும் உச்சரிப்பு அகராதியில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.