கோடைப் பயணத்துக்கு மலிவான பழைய டூரிங் பைக்: டர்பனில் பார்த்து வாங்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து என்2 நெடுஞ்சாலையில் கேப் டவுன் வரை ஏறத்தாழ 1,650 கிலோமீட்டர். போக வர 3,300. டிசம்பர் கோடை விடுமுறையில் இந்தப் பயணத்துக்காகவே ஒரு பழைய பைக் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது மீட்டரில் ஓடிய கிலோமீட்டரைத்தான். அதை நாலாவதாகப் பார்த்தால் போதும். ஒழுங்காக ஆயில் மாற்றி, வாரா வாரம் ஓட்டிய 70,000 கிலோமீட்டர் வண்டி இந்தப் பயணத்தைத் தாங்கும். மூன்று வருடம் துணி போர்த்திக் கிடந்த 18,000 கிலோமீட்டர் வண்டி கொக்ஸ்டாட் தாண்டுவதற்குள் நின்றுவிடலாம்.

காரணம் எளிது. நின்று கிடக்கும் வண்டியில் பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டர் துளையையோ இன்ஜெக்டரையோ அடைக்கும். பிரேக் பிஸ்டன் துருவேறி இறுகும், ரப்பர் சீல் காய்ந்து வெடிக்கும், பேட்டரி செத்துப்போகும். பிளஃப், மெரபேங்க், அமன்சிம்டோட்டி போலக் கடலை ஒட்டிய இடத்தில் வெளியே நின்ற வண்டியென்றால் உப்புக்காற்றின் வேலையும் சேரும். ஆகவே கீழே சொல்லும் சோதனைகள் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: இந்த வண்டி ஓடிக்கொண்டிருந்ததா, கிடந்ததா?

படி 1: பணத்தைப் பிரித்து வையுங்கள்

கையில் 50,000 ராண்ட் இருந்தால் வண்டிக்கு 38,000-க்கு மேல் போகாதீர்கள். மலிவான பழைய வண்டி எதுவானாலும் டயர் ஜோடி, செயின்-ஸ்ப்ராக்கெட் (பல்சக்கர) செட், பேட்டரி, பிரேக் பேட், ஆயில்-ஃபில்டர் ஆகியவற்றில் இரண்டு மூன்றையாவது உடனே கேட்கும். பதிவுச் செலவும் ரோட்வொர்தி (சாலைத் தகுதிச் சான்று) செலவும் தனி. முழுப் பணத்தையும் வண்டியில் போட்டவர்கள்தான் தேய்ந்த டயரோடு என்2-வில் ஏறுகிறார்கள்.

அக்டோபருக்குள் வாங்கிவிடுங்கள். டிசம்பர் நடுவில் பல வொர்க்‌ஷாப்கள் மூடினால் ஜனவரியில்தான் திறப்பார்கள். கடைசி வாரத்தில் ஒரு சீல் கசிந்தால் போட ஆள் கிடைக்காது.

படி 2: எந்த வண்டி

125 சிசி-க்கு மேல் ஓட்ட கோட் ஏ லைசென்ஸ் வேண்டும், ஏ1 போதாது. லேர்னர்ஸ் மட்டும் வைத்திருப்பவர் பின்னால் ஆள் ஏற்றக்கூடாது.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு 650 சிசி வகுப்பு நல்ல அளவு. அதில் இங்கே பழைய சந்தையில் அடிக்கடி கண்ணில் படுபவை மூன்று.

சுசுகி வி-ஸ்ட்ராம் 650. இரட்டை சிலிண்டர் என்பதால் 120-ல் அதிராமல் போகும். 2011 வரை வந்த முதல் வடிவத்தில் டேங்க் 22 லிட்டர். நூறு கிலோமீட்டருக்கு 5 லிட்டர் என்று வைத்தாலும் 400 கிலோமீட்டர் வரும். வால்வு இடைவெளியை 24,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்த்தால் போதும். எல்லாவற்றையும் விடப் பெரிய வசதி, சக்கரம் வார்ப்பு, டயர் ட்யூப்லெஸ். ஆணி குத்தினால் சாலையோரத்தில் பத்து நிமிடத்தில் பிளக் அடித்துப் போய்விடலாம்.

கவாசாகி கேஎல்ஆர் 650. ஒற்றை சிலிண்டர், எளிய இன்ஜின், மண் சாலைக்கு நல்லது. ஆனால் பேலன்சர் (இன்ஜின் அதிர்வைக் குறைக்கும் பாகம்) செயினை இறுக்கிப் பிடிக்கும் சிறு நெம்புகோலும் அதன் ஸ்பிரிங்கும் இந்த வண்டியின் தெரிந்த பலவீனம். உடைந்தால் துண்டு இன்ஜினுக்குள்ளேயே விழும். அந்த நெம்புகோலை ஓட்டுநர்கள் 'டூஹிக்கி' என்பார்கள். மாற்றியாகிவிட்டதா என்று கேளுங்கள், பில் காட்டச் சொல்லுங்கள். சீட் ஏறக்குறைய 890 மில்லிமீட்டர் உயரம். குள்ளமானவர்கள் ஏறி உட்கார்ந்து பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

பிஎம்டபிள்யூ எஃப்650ஜிஎஸ், 2000 முதல் 2007 வரை வந்த ஒற்றை சிலிண்டர் வடிவம். டேங்க் சீட்டுக்கு அடியில் இருப்பதால் கனம் கீழே இறங்கி, புதியவர் கைக்கும் அடங்கும். வாட்டர் பம்ப் சீல் கசிவது இதன் வழக்கமான கோளாறு: இன்ஜின் வலது பக்கம் பம்ப் மூடிக்குக் கீழே கூலன்ட் அல்லது ஆயில் கறை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

இருவர் பெட்டியோடு போவதென்றால் எங்கள் தேர்வு வி-ஸ்ட்ராம். தனியாக, மண் சாலையும் உண்டு என்றால் கேஎல்ஆர்.

படி 3: வண்டியைத் தொடும் முன் காகிதம்

பதிவுச் சான்றில் இரண்டு பெயர் இருக்கும்: ஓனர், டைட்டில்ஹோல்டர் (வண்டியின் சட்ட உரிமை யாரிடமோ அவர்). டைட்டில்ஹோல்டர் இடத்தில் வங்கி இருந்தால் கடன் இன்னும் தீரவில்லை. அந்த வண்டிக்கு ஒரு ராண்ட் கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.

அதே தாளில் வண்டியின் நிலை எண்ணும் இருக்கும். கோட் 2 என்றால் சாதாரணப் பழைய வண்டி. கோட் 3 என்றால் பெரிய சேதத்துக்குப் பிறகு திரும்பக் கட்டியது. விலை எவ்வளவு குறைந்தாலும் முதல் பைக்காக இதை வாங்க வேண்டாம். கோட் 4 சாலைக்கே வராது.

ஹேண்டில் கழுத்தில் அடித்திருக்கும் 17 எழுத்து விஐஎன் (வண்டி அடையாள) எண்ணையும் இன்ஜின் எண்ணையும் சான்றோடும் லைசென்ஸ் டிஸ்க்கோடும் (வண்டியில் ஒட்டும் உரிம வில்லை) ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றி உரசிய தடம் இருந்தால் கிளம்பிவிடுங்கள். டிஸ்க் காலாவதியானதா என்றும் பாருங்கள். நிலுவையும் அபராதமும் யார் கட்டுவது என்று அப்போதே பேசி முடியுங்கள்.

படி 4: ஆறிய இன்ஜினோடு அரை மணி நேரம்

முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்." போனதும் சைலன்சர் குழாயில் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால், ஆறிய நிலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை நீங்கள் வருமுன் சூடாக்கி வைத்திருக்க வாய்ப்புண்டு. இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.

டேங்க் மூடியைத் திறந்து போன் விளக்கை உள்ளே காட்டுங்கள். பளபளவென்று இருக்க வேண்டும். செம்மண் நிறமாகத் தெரிந்தால் துரு. மூக்கை அருகே கொண்டுபோங்கள்: நல்ல பெட்ரோல் கூர்மையாக அடிக்கும், பழசு, பெயின்ட் வார்னிஷ் போலப் புளித்து நாறும். வண்டி கிடந்ததா என்ற கேள்விக்குப் பாதி விடை இங்கேயே கிடைக்கும்.

டயரின் பக்கத்தில் டிஓடி எழுத்துக்குப் பின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். 2318 என்றால் 2018-ன் 23-ஆம் வாரம். சட்டப்படி 1 மில்லிமீட்டர் தடம் போதும், ஆனால் ஆறு வருடம் தாண்டிய டயர் தடம் நிறைய இருந்தாலும் கல்லாகிவிடும், மழையில் பிடிக்காது. இரண்டு டயர் விலையைப் பேரத்தில் கழியுங்கள்.

செயினை, பின் ஸ்ப்ராக்கெட்டின் நடுப் பின்பகுதியில், இரண்டு விரலால் பின்னோக்கி இழுங்கள். பல்லில் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தால் செயின் முடிந்தது. பல் நேராக நிற்காமல் அலைபோல ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஸ்ப்ராக்கெட்டும் முடிந்தது. செயின், முன் பின் ஸ்ப்ராக்கெட் மூன்றையும் செட்டாக மாற்ற வேண்டும். செயின் மட்டும் மாற்றினால் பழைய பல் புதுச் செயினைச் சீக்கிரம் தின்றுவிடும்.

அடுத்தது ஹெட் பேரிங், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்தில் உள்ள பேரிங். சென்டர் ஸ்டாண்ட் இருந்தால் அதில் ஏற்றி, ஒருவர் பின்புறம் அழுத்தி முன் சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கட்டும். ஹேண்டிலின் முனையை ஒரே விரலால், மிக மெதுவாக, இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்குத் தள்ளுங்கள். வெண்ணெயில் கத்தி போல ஓட வேண்டும். நேர் நிலைக்கு வந்ததும் ஒரு குழியில் உட்கார்ந்தது போல 'டக்' என்று நின்றால் பேரிங் பள்ளம் விழுந்துவிட்டது. நெடுஞ்சாலையில் வண்டி நேராகப் போக மறுத்து மெல்ல அலையும். விலையைக் குறைத்து வாங்கி மாற்றிக்கொள்ளலாம், மாற்றாமல் பயணம் போகக்கூடாது.

இதே நேரத்தில் ஹேண்டில் இரு கோடியிலும் முட்டும் தடுப்பைப் பாருங்கள். அது நசுங்கியோ உடைந்தோ இருந்தால் முன்பக்கம் பலமாக மோதிய வண்டி. வாங்க வேண்டாம்.

முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் ஆயில் வளையம் இருந்தால் சீல் போயிற்று. பிரேக் எண்ணெய் தேநீர் நிறமென்றால் வருடக்கணக்கில் மாற்றவில்லை. இரண்டு சக்கரமும் கையால் சுற்றினால் தடையின்றிச் சுற்ற வேண்டும். இறுகினால் பிஸ்டன் ஒட்டியிருக்கிறது. பிரேக் டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் மேலேயே பொறித்திருக்கும்.

படி 5: மல்டிமீட்டர், பிறகு ஸ்டார்ட்

சிறிய மல்டிமீட்டர் ஒன்றை எடுத்துப் போங்கள். ஸ்டார்ட்டுக்கு முன் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது நிமிடத்துக்கு 5,000 சுற்றில் 13.5-லிருந்து 14.5 வரை. 13-ஐத் தொடாவிட்டால் ஸ்டேட்டரோ (மின்சாரம் உண்டாக்கும் சுருள்) ரெகுலேட்டரோ (வோல்ட்டைக் கட்டுப்படுத்துவது) செத்துக்கொண்டிருக்கிறது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாடில்லாமல் பேட்டரியை வேகவைக்கிறது. இங்கே ஹெட்லைட் பகலிலும் எரிய வேண்டும் என்பது சட்டம், ஆகவே சார்ஜ் குறைவான வண்டி சில மணி நேரத்தில் நின்றுவிடும்.

ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றும்வரை நிறுத்தி வைத்துப் பாருங்கள். டோல் வரிசையில் டிசம்பர் வெயிலில் நிற்கும்போது அந்த ஃபேன்தான் காப்பாற்றும்.

படி 6: ஓட்டிப் பார்த்தல்

இருபது நிமிடமாவது ஓட்டுங்கள். நாலாம் கியரில் 60-ல் போய்க்கொண்டே த்ராட்டிலை முழுக்கத் திறந்தால் வேகம் ஏறாமல் இன்ஜின் மட்டும் இரைகிறதா? கிளட்ச் தேய்ந்துவிட்டது. இரண்டாம் கியரில் வேகமெடுத்து த்ராட்டிலை டக்கென்று விடுங்கள். கியர் தானாக நழுவினால் இன்ஜினைப் பிரிக்கிற செலவு, விட்டுவிடுங்கள். முன் பிரேக்கில் லீவர் விரலைத் தட்டித் தட்டித் துடித்தால் டிஸ்க் வளைந்திருக்கிறது.

படி 7: பேரமும் கைமாற்றமும்

மாற்ற வேண்டிய பாகங்களைத் தாளில் எழுதி, விலை கூட்டி, விற்பவருக்குக் காட்டுங்கள். வெறும் "குறைச்சுக் குடுங்க" என்பதை விட அந்தத் தாள் அதிகம் பேசும். சந்திப்பது பகலில், பதிவுச் சான்றில் பெயருள்ளவரின் அடையாள அட்டையைப் பார்த்த பிறகு. பணம் கையில் கொண்டுபோகாமல் வங்கி வழியாகக் கொடுங்கள்.

ரோட்வொர்தி சான்றை விற்பவரே எடுத்துத் தரும்படி பேசுங்கள். அது 60 நாள் செல்லும். இன்ஜினின் உள்ளே என்ன நிலை என்று அந்தச் சான்று சொல்லாது, அதனால் மேலே சொன்ன சோதனைகளுக்கு அது மாற்றாகாது. விற்பவர் என்சிஓ (உரிமை மாற்ற அறிவிப்பு) படிவம் கொடுத்துவிட வேண்டும். நீங்கள் ஆர்எல்வி (பதிவு விண்ணப்ப) படிவம், அடையாள அட்டை, முகவரிச் சான்றோடு 21 நாளுக்குள் உங்கள் பெயருக்குப் பதிய வேண்டும்.

படி 8: பயணத்துக்கு முன் ஒரு ஒத்திகை

என்ன சொல்லி விற்றிருந்தாலும் ஆயில், ஃபில்டர், பிரேக் எண்ணெய், கூலன்ட் நான்கையும் மாற்றிவிடுங்கள். பிறகு பெட்டி, பின் ஆள், முழுச் சுமையோடு அண்டர்பெர்க் வரை போய் வாருங்கள். போக வர ஏறத்தாழ 400 கிலோமீட்டர். காலையிலேயே கிளம்புங்கள், கோடையில் டிராக்கன்ஸ்பர்க் பக்கம் பிற்பகலில் இடிமழை இறங்கும். திரும்பியதும் ஆயில் மட்டம், செயின் தளர்வு, பெட்டி தாங்கும் போல்ட்கள், ஃபோர்க் சீல் எல்லாவற்றையும் மறுபடி பாருங்கள். தளர வேண்டியது இந்த 400-ல் தளர்ந்துவிடும்.

எடுத்துப் போக வேண்டியவை: ட்யூப்லெஸ் பிளக் கிட், 12 வோல்ட் காற்று பம்ப் (ட்யூப் டயர் என்றால் முன்னுக்கும் பின்னுக்கும் ஒவ்வொரு ட்யூபும் டயர் லீவரும்), கேபிள் கிளட்ச் என்றால் பழைய கேபிளோடு கட்டி வைத்த புதுக் கேபிள் ஒன்று, ஃபியூஸ் ஒவ்வொரு அளவிலும் இரண்டு, அரை லிட்டர் ஆயில், செயின் லூப் (செயினுக்குப் போடும் மசகு). கொக்ஸ்டாட்டுக்கும் ம்தாத்தாவுக்கும் இடையில் ஆடும் மாடும் சாலையில் நிற்கும்; அந்தப் பகுதியைப் பகலிலேயே கடக்கும்படி பெட்ரோல் கராஜ் நிறுத்தங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.