வெயில்லயே மிதக்குற படலம்: 60 கிலோமீட்டர் உயரத்துல நடக்கறத வீட்டு மேஜையில வச்சுப் புரிஞ்சுக்கறது எப்படி

தரையில இருந்து சுமார் 50 கிலோமீட்டர்ல ஆரம்பிச்சு 85 கிலோமீட்டர் வரைக்கும் இருக்குற அடுக்கு மீசோஸ்பியர். அங்க ஒரு கருவிய நாள் கணக்குல நிறுத்தி வைக்க இன்னிக்கு வரைக்கும் வழி இல்ல. பலூன் அதிகபட்சம் போனது 53.7 கி.மீ., 2013ல ஜப்பான்காரங்க விட்டது. சாட்டிலைட்ட இவ்ளோ கீழ இறக்கினா காத்து உரசியே எரிஞ்சு விழுந்துடும். மிச்சம் இருக்கறது சவுண்டிங் ராக்கெட் தான், நம்ம பக்கத்துல திருவனந்தபுரம் தும்பாவுல இருந்து விடற ஆர்எச்-200 மாதிரி, மேல போய் சில நிமிஷம் அளந்துட்டு கீழ வந்துடும்.

யாரும் எட்டாத இந்தக் காலி இடத்துக்குத்தான் ரேரிஃபைட் டெக்னாலஜீஸ்னு அமெரிக்காவுல ஒரு ஸ்டார்ட்அப் குறி வச்சிருக்கு. ஹார்வர்ட்ல இந்த ஆராய்ச்சி பண்ண பென் ஷேஃபர், ஏஞ்சலா ஃபெல்ட்ஹவுஸோட சேர்ந்து ஆரம்பிச்சது. இன்ஜின் கிடையாது, இறக்கை கிடையாது, பேட்டரி கிடையாது, வெயில் பட்டா தானா மேல எழும்புற ரொம்ப ரொம்ப மெல்லிய படலம், அவ்ளோதான். 2025 ஆகஸ்ட்ல நேச்சர் இதழ்ல கட்டுரையும் வந்துச்சு. இதுக்குப் பேரு ஃபோட்டோஃபோரெசிஸ்.

இத புரிஞ்சுக்க லேப் வேண்டாம். வீட்டுல செய்யக்கூடிய ரெண்டு மூணு சோதனையும் கால்குலேட்டர்ல கொஞ்சம் கணக்கும் போதும். ஒண்ணே ஒண்ண மட்டும் முதல்லயே மனசுல பதிய வச்சுக்கோங்க, ஒளி இந்தப் படலத்த தள்ளல, ஒளி சூடு மட்டும்தான் பண்ணுது, தள்றது காத்து. இது பிடிபட்டா மத்ததெல்லாம் தானா வரும்.

வாங்க வேண்டியது: க்ரூக்ஸ் ரேடியோமீட்டர் ஒண்ணு. ஆன்லைன்ல சோலார் ரேடியோமீட்டர், லைட் மில்னு தேடினா வரும், கண்ணாடி உருண்டைக்குள்ள நாலு சின்னத் தகடு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்கம் கருப்பு இன்னொரு பக்கம் வெள்ளையோ வெள்ளியோ. அப்புறம் பழைய டைப் 60 வாட் குண்டு பல்பு, கிச்சன் அலுமினியம் ஃபாயில், 0.01 கிராம் காட்டற சின்ன டிஜிட்டல் தராசு. எல்இடி பல்புலயும் ரேடியோமீட்டர் சுத்தும், ஆனா குண்டு பல்புல வர்ற வெப்பக் கதிர் அதுல இல்லாததால மந்தமா சுத்தும், அதனால குண்டு பல்பு இல்லன்னா நேர் வெயிலயே நம்புங்க.

முதல் சோதனை ரொம்ப சிம்பிள். வெயில்ல வைங்க, எந்தப் பக்கம் பின்வாங்குதுன்னு மட்டும் கவனிச்சுப் பாருங்க. கருப்புப் பக்கம் வெளிச்சத்த விட்டு விலகி ஓடும், வெள்ளிப் பக்கம் முன்னால வரும். இதுல ஒரு பெரிய விஷயம் இருக்கு. ஒளிக்கு நிஜமாவே அழுத்தம் உண்டு, ஆனா கருப்பு ஒளிய முழுங்கிடும், வெள்ளி திருப்பி அடிக்கும், திருப்பி அடிக்கறப்போ அழுத்தம் ரெண்டு மடங்கு. அப்போ ஒளி அழுத்தம்தான் காரணம்னா வெள்ளிப் பக்கம் பின்வாங்கியிருக்கணும். நடக்கறது நேர் தலைகீழ். வில்லியம் க்ரூக்ஸ் 1870கள்ல இத செஞ்சப்போ அவரே முதல்ல ஒளி அழுத்தம்னுதான் நினைச்சாரு. 1876ல ஆர்தர் ஷுஸ்டர் அந்த உருண்டையையே நூல்ல தொங்க விட்டுப் பார்த்தாரு, தகடு ஒரு பக்கம் திரும்பறப்போ கண்ணாடி எதிர்ப்பக்கம் திரும்புச்சு. வெளிய இருந்து ஒளி தள்ளியிருந்தா கண்ணாடி எதுக்கு எதிர்ப்பக்கம் திரும்பணும்? உள்ள மிச்சம் இருக்குற காத்துதான் தகட்டையும் கண்ணாடியையும் எதிரெதிரா தள்ளுது. எனக்கு இந்த வரலாறு முழுசுலயும் ரொம்பப் பிடிச்ச சோதனை இதுதான், அவ்ளோ எளிமை, அவ்ளோ தெளிவு.

ரெண்டாவது சோதனை இதவிட முக்கியம், தயவுசெஞ்சு தாண்டிப் போயிடாதீங்க. ரேடியோமீட்டர நிழல்ல வச்சு ரூம் சூட்டுக்கு வர விடுங்க (சூடா இருக்குற கண்ணாடி மேல ஐஸ் வச்சா விரிசல் விட்டுடும்). லைட்டெல்லாம் அணைச்சு, பார்க்க முடியற அளவு மட்டும் வெளிச்சம் வச்சுக்கிட்டு, ஐஸ் கட்டி போட்ட பிளாஸ்டிக் கவர உருண்டை மேல வைங்க. கொஞ்ச நேரத்துல தகடு ரிவர்ஸ்ல சுத்த ஆரம்பிக்கும். கருப்பு எப்படி வேகமா சூடாகுமோ அதே மாதிரி வேகமா சூட்ட இழக்கவும் செய்யும், இப்போ கருப்புப் பக்கம்தான் குளிர்ச்சி, அதனால திசை மாறுது. ஒளியே இல்லாம சுத்துதுன்னா காரணம் ரெண்டு பக்கத்துக்கும் இருக்குற வெப்ப வித்தியாசம் மட்டும்தான்னு இதவிட நேரா யாரும் காட்ட முடியாது. சூடான பக்கத்துல வந்து மோதற காத்து மூலக்கூறு வேகம் ஏறித் திரும்பிப் போகும், குளிர்ந்த பக்கத்துல மோதறது மெதுவாத் திரும்பும், அந்த வித்தியாசம்தான் தள்ளு.

இப்போ எடைக்கு வருவோம். ஏ4 பேப்பர் கட்டு மேல 75 ஜிஎஸ்எம்னு போட்டிருக்கும் பாருங்க, ஒரு சதுர மீட்டருக்கு 75 கிராம்னு அர்த்தம். பறக்கற படலத்துக்கும் இதே அளவுகோல்தான் வேணும். ஃபாயில 30 செ.மீ.க்கு 30 செ.மீ. வெட்டி எடை போடுங்க, வந்த கிராம 0.09ஆல வகுங்க, அதான் ஜிஎஸ்எம். 11 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) தடிமன் ஃபாயில்னா கிட்டத்தட்ட 30 வரும். நமக்கு வேண்டியது 1 ஜிஎஸ்எம் அளவுல, அதாவது கிச்சன் ஃபாயில முப்பது மடங்கு இன்னும் மெல்லிசாக்கணும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல இகோர் பர்காடின் குழு 2021ல லேப்ல மிதக்க விட்ட தட்டு அரை மைக்ரான் மைலார் (ஒரு வகை பிளாஸ்டிக் படலம்), 6 மி.மீ. அகலம், கணக்குப் போட்டா 0.7 ஜிஎஸ்எம். ஹார்வர்ட் படலம் அலுமினா, அதாவது அலுமினியம் ஆக்சைடு, தடிமன் நானோமீட்டர் கணக்குல.

ஒளி அழுத்தத்த ஒரேயடியா ஒதுக்கறதுக்கும் இங்கயே கணக்குப் போட்டுடலாம். வளிமண்டலத்துக்கு மேல வெயில் சதுர மீட்டருக்கு 1361 வாட். அத ஒளியோட வேகத்தால வகுத்தா சுமார் 4.5 மைக்ரோபாஸ்கல் (பாஸ்கல்ங்கறது அழுத்தத்தோட அலகு). 1 ஜிஎஸ்எம் படலத்தோட எடை தர்ற அழுத்தம் 9.8 மில்லிபாஸ்கல். ரெண்டாயிரம் மடங்குக்கு மேல பத்தல!

அடுத்தது காத்தழுத்தம், இங்கதான் விஷயம் சூடு பிடிக்குது. ஒரு மூலக்கூறு இன்னொண்ணு மேல மோதாம போற சராசரி தூரம் தரை மட்டத்துல சுமார் 68 நானோமீட்டர், அழுத்தம் குறையக் குறைய அதே விகிதத்துல இது கூடிக்கிட்டே போகும். கைக்கணக்குக்கு இப்படி வச்சுக்கோங்க: 7 மி.மீ.ய பாஸ்கல்ல இருக்குற அழுத்தத்தால வகுங்க. 60 கி.மீ. உயரத்துல அழுத்தம் சுமார் 22 பாஸ்கல், அப்போ தூரம் 0.3 மி.மீ. 80 கி.மீ.ல சுமார் 1 பாஸ்கல், தூரம் 7 மி.மீ. ஒரு பொருளோட அளவும் இந்தத் தூரமும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கறப்போதான் இந்தத் தள்ளு நல்லா வேலை செய்யும். அதுக்குக் கீழ வந்தா காத்து அடர்த்தியாகி ரெண்டு பக்க வெப்ப வித்தியாசத்தையும் அதுவே அழிச்சுடும், அதுக்கு மேல போனா மோதறதுக்கு மூலக்கூறே பத்தாது. அந்த நடு இடம் மீசோஸ்பியர்லயே வந்து உட்காருது, அதனாலதான் வேற எந்த வண்டியும் நிக்க முடியாத இடத்துல இது நிக்க முடியுது.

ஏசி சர்வீஸ் பண்றவங்களுக்கு இந்த அழுத்தம் பழக்கமானது. மைக்ரான் கேஜ் வச்சு 500 மைக்ரான் (இங்க இது தடிமன் இல்ல, அழுத்த அளவு) வரைக்கும் வேக்குவம் இழுப்பாங்க இல்லையா, அது சுமார் 67 பாஸ்கல், 50 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல இருக்குற காத்து. பின்னால சொல்லப் போற ஹார்வர்ட் சோதனை நடந்த 26.7 பாஸ்கல் சரியா 200 மைக்ரான். அதுக்காக வீட்டு ஜாம் பாட்டில்ல பம்ப மாட்டி இழுத்துப் பார்க்காதீங்க, உள்பக்கமா நொறுங்கி கண்ணாடி கண்ணுல அடிக்கும். காலேஜ் லேப்ல வேக்குவத்துக்குன்னே செஞ்ச பெல் ஜார் இருக்கும், தெரிஞ்சவங்க கூட இருந்து செய்யணும்.

தள்ளு எவ்ளோன்னு தோராயமா பார்க்க ஒரு வழி: அழுத்தத்த நாலால வகுத்து, ரெண்டு பக்க வெப்ப வித்தியாசத்தால பெருக்கி, மொத்த வெப்பநிலையால (கெல்வின்ல) வகுங்க. 75 கி.மீ.ல சுமார் 2.4 பாஸ்கல், வித்தியாசம் 10 டிகிரி, படலம் 300 கெல்வின்னு வச்சுக்கிட்டா 0.02 பாஸ்கல் வரும், அதாவது 2 ஜிஎஸ்எம்ம தூக்கும். இது எல்லாமே சாதகமா இருந்தா வர்ற உச்ச அளவு, நிஜத்துல குறையும். ஆனாலும் பாருங்க, வெறும் 10 டிகிரி வித்தியாசம் போதும்னு கணக்கு சொல்லுது!

அப்போ கஷ்டம் எங்க? அந்த 10 டிகிரிய நிறுத்தி வைக்கறதுலதான். நூறு நானோமீட்டர் படலத்துக்கு மேல் பக்கமும் கீழ் பக்கமும் ஒரே சூடாத்தான் இருக்கும், வெப்பம் கண்ணிமைக்கறதுக்குள்ள தாண்டிடும். பர்காடின் குழு வெப்ப வித்தியாசத்தையே விட்டுட்டு, அடிப்பக்கத்துல கார்பன் நானோட்யூப (ரொம்ப நுண்ணிய கார்பன் குழாய்கள) பஞ்சு மாதிரி படிய வச்சாங்க, அதுல மாட்டற மூலக்கூறு பல தடவ மோதி சூடேறி வெளிய வரும், மேல் பக்கம் வழவழன்னு இருக்கறதால அங்க அவ்ளோ சூடேறாது. ஹார்வர்ட் வழி வேற. ரெண்டு படலம், நடுவுல இடைவெளி, மெல்லிய தூண்கள் தாங்கிக்கிட்டு இருக்கு. கீழ் படலத்துல குரோமியம் பூச்சு, அது வெயில முழுங்கி சூடாகும், மேல் படலம் குளிர்ச்சியா நிக்கும். ரெண்டுலயும் நிறைய ஓட்டை.

அந்த ஓட்டை எடைய குறைக்க மட்டும் இல்ல. 1924ல ஐன்ஸ்டைன் காட்டினது, காத்து ஓரளவு அடர்த்தியா இருந்தா இந்தத் தள்ளு தகட்டோட ஓரத்துலதான், மூலக்கூறு மோதாம போற அந்தத் தூர அகலத்துக்குத்தான் நடக்குது, நடுப்பகுதி சும்மா எடை. ஓட்டை போட்டா படலம் முழுக்க ஓரம்தான். அதோட குளிர்ந்த பக்கத்துல இருந்து சூடான பக்கத்துக்கு ஓட்டை வழியா காத்து கீழ்நோக்கி பாயும், படலம் மேல போகும். ஹார்வர்ட் குழுவோட 1 செ.மீ. அகலப் படலம் 26.7 பாஸ்கல்ல, சதுர மீட்டருக்கு 750 வாட் ஒளியில, அதாவது முழு வெயில்ல 55 சதவீதத்துலயே மிதந்துச்சு. ஃபோட்டோஃபோரெசிஸ் பத்தின மத்த தகவலயெல்லாம் விட எனக்குப் பெருசா படறது இந்த 55 தான், லேசர் வச்சு தூக்கறது வேற, சாதா வெயிலவிடக் குறைஞ்ச ஒளியில தூக்கறது வேற.

இனிமே இந்த மாதிரி ஸ்டார்ட்அப் பத்தி செய்தி வந்தா நாலு எண்ண மட்டும் தேடுங்க: எந்த அழுத்தம், எத்தனை வெயில் அளவு ஒளி, எவ்ளோ அகலம், எவ்ளோ சுமை. அடுத்த கட்டமா ஹார்வர்ட் குழு கணக்குல சொல்றது 3 செ.மீ. ஆரத் தட்டு 75 கி.மீ.ல 10 மில்லிகிராம் தூக்கும்னு. அந்த 10 மில்லிகிராம தட்டோட பரப்பால (28 சதுர செ.மீ.) வகுத்துப் பாருங்க, 3.5 ஜிஎஸ்எம், நம்ம கைக்கணக்கு சொன்ன ரெண்ட விட அதிகம், அப்போ 10 டிகிரி பத்தாது, இன்னும் பெரிய வெப்ப வித்தியாசம் வேணும்னு உடனே புரிஞ்சுடும். இந்த 10 மில்லிகிராமுக்குள்ளதான் சென்சார், ஆன்டெனா, சோலார் செல் எல்லாம் அடங்கணும். காத்து, வெப்பநிலை, அழுத்தம் அளந்து கீழ அனுப்பறதுக்கு அது போதும்னுதான் அவங்க நம்பிக்கை, வானிலை மாடலுக்கு மீசோஸ்பியர்ல இருந்து தொடர்ந்து டேட்டா கிடைச்சா அது எவ்ளோ பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க.

அஞ்சாவதா ஒரு கேள்வியும் சேர்த்துக்கோங்க, ராத்திரி என்ன பண்ணும்? வெயில் போனா பூமி கீழ இருந்து விடற வெப்பக் கதிர் மட்டும்தான் மிச்சம், அது சராசரியா சதுர மீட்டருக்கு சுமார் 240 வாட். அதுல மிதக்க முடியுமா, இல்ல மெதுவா இறங்கி காலைல திரும்ப ஏறுமா, எவ்ளோ கீழ இறங்கினா திரும்ப ஏற முடியாது? உங்க ரேடியோமீட்டர வெயில்ல சுத்த விட்டு திடீர்னு ஒரு அட்டைய குறுக்க வச்சு, நிக்க எவ்ளோ நேரம் ஆகுது, அட்டைய எடுத்ததும் மறுபடி கிளம்ப எவ்ளோ நேரம் ஆகுதுன்னு ஃபோன்ல வீடியோ எடுத்துப் பாருங்க, ராத்திரிக் கேள்விய யோசிக்க அங்க இருந்து ஆரம்பிக்கலாம்.