ஆய்வுக் கப்பலில் தண்ணீர் பிடிப்பது எப்படி?

முதல்முறை ஆய்வுக் கப்பலுக்குப் போகிறவர்கள் சாப்பாட்டையும் வாந்தியையும் பற்றித்தான் கேட்கிறார்கள். சாப்பாடு நன்றாகவே இருக்கும். வாந்திக்கு, கிளம்பும் முன்பே கப்பல் மருத்துவரைப் பாருங்கள். வயிற்றைக் காலியாக விடாதீர்கள். தலை சுற்றினால் தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பாருங்கள். பலருக்கும் இரண்டு மூன்று நாளில் பழகிவிடும். ஆனால் அங்கே பொழுதைத் தீர்மானிப்பது தண்ணீர்தான். எப்போது எழுவது, எப்போது தூங்குவது என்பதெல்லாம் அடுத்த ஸ்டேஷன், அதாவது கப்பல் நின்று கடல்நீர் சாம்பிள் எடுக்கும் இடம், எப்போது வருகிறது என்பதைப் பொறுத்தது.

நான் போனது கோவாவிலிருந்து அரபிக்கடலுக்கு. நான்கு மணி நேரம் வாட்ச் (பணிமுறை), எட்டு மணி நேரம் ஓய்வு. எனக்குக் கிடைத்தது 12 முதல் 4 வரை, பகலிலும் நள்ளிரவிலும்.

முதல் வேலை, சாம்பிள்களுக்கு லேபிள் எழுதுவது. ஆழத்து நீரைப் பிடிக்கும் 24 நிஸ்கின் பாட்டில்களைத் திறந்தபடி சுமந்த ரோசெட் என்ற வட்டச் சட்டம், நடுவில் உப்பு, வெப்பம், ஆழம் அளக்கும் சிடிடி கருவியோடு விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் இறங்கும். 2000 மீட்டர் போகவே அரை மணி தாண்டும். மேலே வரும்போது வேண்டிய ஆழங்களில் நிறுத்தி ஒவ்வொரு பாட்டிலாக மூடுவார்கள். அந்த நேரத்துக்குள் எல்லா லேபிளையும் எழுதி முடியுங்கள். பென்சில் மட்டும்தான், அதுவும் 2பி. பேனா மை கடல்நீர் பட்டால் கலங்கிவிடும். நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரம்) எழுத வேண்டும். நம் நேரத்தில் ஐந்தரை மணி கழியும் என்பதால், இரவு 2 மணி சாம்பிளுக்கு 20:30 என்றும் முந்தைய நாள் தேதியும் வரும்.

ரோசெட் தளத்துக்கு வந்ததும் ஹெல்மெட், உயிர்காப்பு அங்கி, பாதுகாப்புக் காலணியோடு போங்கள். பாட்டிலின் மேல் திருகைத் திறக்காமலே கீழ்க் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் தொடர்ந்து வந்தால் பாட்டில் ஒழுகுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒழுகவில்லை என்றால் மேல் திருகைத் திறக்கலாம். ஆழத்துப் பாட்டிலைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும், வெளிப்புறம் முழுக்க வியர்த்திருக்கும்.

ஆக்சிஜன் சாம்பிள்தான் முதலில். நான் தடுமாறிய இடமும் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். நிஸ்கின் பாட்டிலின் கீழ்க் குழாயில் மாட்டிய ரப்பர் குழாயை ஆக்சிஜன் சாம்பிளுக்கான சிறு பாட்டிலின் அடிவரை விட்டு, மெதுவாக நிரப்பி, பாட்டில் கொள்ளளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு தண்ணீரை வழிய விடுங்கள். குழாயை வெளியே எடுக்கும்போதும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். என் முதல் இரவில் குழாய்க்குள் ஒரு குமிழி ஒட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஒரு லிட்டர் மேல்மட்டக் கடல்நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனே நாலைந்து மில்லிலிட்டர்தான். ஒரு லிட்டர் காற்றில் 210 மில்லிலிட்டர். அரபிக்கடலில் 150 மீட்டருக்குக் கீழே ஏறத்தாழ 1000 மீட்டர் வரை ஆக்சிஜன் மிகக் குறைவு. அங்கே எடுத்த தண்ணீரில் சின்னக் குமிழி போதும், அளவு தப்பாகிவிடும். அந்த இரவின் மூன்று சாம்பிள்களை நீக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து நிறமில்லாத, உள்ளே தெரிகிற குழாயைத்தான் பயன்படுத்துகிறேன்.

நிரம்பியதும் மாங்கனீஸ் குளோரைடு, அப்புறம் கார அயோடைடு. இரண்டையும், விடும் குழலின் முனை தண்ணீருக்குள் இருக்கும்படி விட்டு, குமிழி சிக்காமல் மூடி நன்றாகக் குலுக்குங்கள். ஆக்சிஜன் இருப்பதால் மேல்மட்டத் தண்ணீர் காப்பி நிறத்தில் திரியும். ஆக்சிஜன் மிகக் குறைந்த 300 மீட்டர் தண்ணீரோ கிட்டத்தட்ட பால் வெள்ளையாகவே நிற்கும். டார்ச் வெளிச்சத்தில் அதை முதல்முறை பார்த்தபோது, கடலுக்குள் மூச்சற்ற ஓர் அடுக்கு இருப்பது கைக்குள்ளேயே தெரிந்தது. இன்றும் எனக்குப் பிடித்த காட்சி அதுதான்.

அதற்கப்புறம் பிஎச், ஊட்டச்சத்து, கடைசியில் உப்புச் சாம்பிள். ஆய்வகத்தில் எதையும் சும்மா மேஜைமேல் வைக்காதீர்கள். ரப்பர் விரிப்பில் வைத்துக் கயிறு கட்டுங்கள்.

பின்சேர்க்கை: குழாயைத் தட்டினாலும் குமிழி போகவில்லை என்று ஒரு மாணவி எழுதியிருந்தார். குழாய் உலர்ந்திருந்தால் அப்படித்தான் ஒட்டும். அரை மணி முன்பே கடல்நீரில் ஊறப் போடுங்கள். அப்படியும் தண்ணீர் விட்டுவிட்டு வந்தால், மேல் திருகு முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அவருக்குச் சிக்கல் அங்கேதான் இருந்தது.