மழைக்கு முன் கிளவுடில் ஏற்றிவிடுங்கள்
சென்னையில் மழைவெள்ளம் புகும் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் தரைத்தளத்தில் இருப்பவர்கள் ஐப்பசிக்கு முன்பே வீட்டுப் பத்திரம், சான்றிதழ்களை ஸ்கேன் செய்து கிளவுடில் (இணையச் சேமிப்பில்) ஏற்றிவிடுங்கள். இதற்கு இலவச இடமே தாராளம்: கூகுள் 15 ஜிபி, ஒன்டிரைவ், ஐகிளவுட் தலா 5, டிராப்பாக்ஸ் 2. கூகுளின் 15-ஐ ஜிமெயிலும் போட்டோஸும் பங்குபோட்டுக்கொள்ளும். நிரம்பினால் மெயில் வருவதே நின்றுவிடும்.

போட்டோ, வீடியோவுக்குக் காசு கட்டுமுன் ப்ராட்பேண்டின் அப்லோட் வேகத்தைப் பாருங்கள். 40 எம்பிபிஎஸ்ஸில் 100 ஜிபி ஏற ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

பலர் கோட்டைவிடுவது சிங்க்கில்தான், அதாவது கம்ப்யூட்டரில் செய்யும் மாற்றம் கிளவுடிலும் தானாகவே நடக்கும் வசதியில். கம்ப்யூட்டரின் சிங்க் ஃபோல்டரில் அழித்தால் கிளவுடிலும் போய்விடும். கூகுள் டிரைவ் குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் தங்கும். ஆகவே ஹார்ட் டிஸ்கிலும் ஒரு நகல் கட்டாயம். பாஸ்வேர்டோடு ஓடிபியும் கேட்கும் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனின் பேக்கப் கோடுகளைத் (ஓடிபிக்குப் பதிலாகப் போடும் எண்களை) தாளில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் ஓடிபி வராது.