வகுக்காமலே பகா எண்ணைச் சோதிப்பது எப்படி?

2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்னும் எண்ணை லூக் டுரான்ட் கண்டறிந்த செய்தி 2024 அக்டோபரில் வெளியானபோது, அதுவரை அறியப்பட்ட பகா எண்களுள் அதுவே மிகப் பெரியதாக இருந்தது. அதில் 4,10,24,320 இலக்கங்கள் உள்ளன. வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கும் பள்ளிக்கூட முறை இங்கே எடுபடாது. ஆனால் 2-இன் அடுக்கிலிருந்து 1 குறைந்த, மெர்சென் எண்கள் எனப்படும் இவ்வகை எண்களுக்கென்றே லூக்கா–லேமர் சோதனை இருக்கிறது. அதை 127-ஐக் கொண்டு தாளிலேயே செய்து பார்க்கலாம்.

முதலில், 127 என்பது 2⁷ − 1 என்பதையும், அடுக்கான 7 ஒற்றைப்படைப் பகா எண் என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். அடுக்கு பகு எண்ணாக இருந்தால் மெர்சென் எண்ணும் பகு எண்ணே என்பதால் சோதனைக்கே வேலையில்லை.

அடுத்து, 4-இல் தொடங்கி, கையிலுள்ள எண்ணை வர்க்கப்படுத்தி, 2-ஐக் கழித்து, 127-ஆல் வகுத்தால் வரும் மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதை அடுக்கைவிட இரண்டு குறைவாக, அதாவது 5 முறை செய்ய வேண்டும். தொடக்கத்தில் உள்ள 4-ஐயும் ஒரு முறையாக எண்ணிவிடுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

முதல் முறை 14 வரும். இரண்டாம் முறை 194. அதன் மீதி 67. மூன்றாம் முறை 67-இன் வர்க்கத்திலிருந்து 2 போக 4487. இங்கே வகுக்கத் தேவையில்லை என்பதுதான் இம்முறையின் அழகு. 128-ஐ 127-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால், 4487-ஐ 35 × 128 + 7 என்று பிரித்து, 35-ஐயும் 7-ஐயும் கூட்டினாலே மீதியான 42 கிடைத்துவிடும். இரும எண்களில் வேலை செய்யும் கணினிக்கு இப்படிப் பிரிப்பது இலக்கங்களை ஓரிடத்தில் வெட்டுவதுதான். நான்காம் முறை 1762. அது 13 × 128 + 98, எனவே 111. ஐந்தாம் முறை 12319. அது 96 × 128 + 31. கூட்டினால் 127, அதாவது மீதி 0. ஆகவே 127 பகா எண்.

இறுதி மீதி 0 இல்லையென்றால் அது பகு எண். 2¹¹ − 1 = 2047-ஐ இதே போல் 9 முறை சோதித்தால் 1736 மிஞ்சும். ஆனால் 2047-இன் காரணிகள் 23, 89 என்பதைச் சோதனை சொல்லாது. அது தரும் விடை ஆம், இல்லை என்பதோடு சரி. அக்காரணிகள் இரண்டையும் 11-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி 1 வரும். மெர்சென் எண்ணின் அடுக்கு ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருக்கும்போது அதன் காரணிகள் எல்லாவற்றுக்கும் இப்பண்பு உண்டு.

எதுவார் லூக்கா 1876-இல் கணினி இல்லாமலே 39 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண் என்று நிறுவினார். முறையை இன்றைய எளிய வடிவுக்குக் கொண்டுவந்தவர் டெரிக் லேமர். டுரான்டின் எண்ணையும் இறுதியில் இச்சோதனையைக் கொண்டே உறுதிசெய்தார்கள்; நாம் 5 முறை செய்த அதே கணக்கை அங்கே 13,62,79,839 முறை செய்ய வேண்டியிருந்தது.