மேடைக்கு வந்த ‘கவுன்சிலர்’: வளர்ச்சித் துறைப் பேச்சாளர்களை அறிமுகம் செய்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில வருடங்களுக்கு முன் சென்னையில் ஒரு கல்லூரிக் கருத்தரங்கு. வெளிநாட்டு நிதியில் நடக்கும் நகர்ப்புறத் திட்டங்கள் பற்றியது. சிறப்பு விருந்தினர் ஓர் ஐரோப்பிய நாட்டின் டெல்லித் தூதரகத்திலிருந்து வந்திருந்தார். மைக்கைப் பிடித்த மாணவர் கணீரென்று, “மாண்புமிகு கவுன்சிலர் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்” என்றார். பின்வரிசையில் சிரிப்பு. “எந்த வார்டு?” என்று யாரோ கேட்டது முன்வரிசை வரை கேட்டது. அந்த அறிமுகக் குறிப்பைத் தமிழில் எழுதிக் கொடுத்தது நான்தான். ஆங்கிலத்தில் வந்த பதவிப்பெயரை அப்படியே எழுத்துக்கூட்டி வைத்திருந்தேன். தூதரகப் படிநிலையில் அது மூத்த அதிகாரிகளுக்கான பதவி என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு கல்லூரிகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் இப்படிப்பட்ட குறிப்புகள் நிறையவே எழுதிக் கொடுத்துவிட்டேன். மருத்துவ மாநாட்டில் பேச்சாளரின் பதவியைத் தப்பாகச் சொன்னால் சங்கடம் அவரோடு போய்விடும். பிற நாடுகளும் உலக வங்கி போன்ற அமைப்புகளும் கடனோ மானியமோ கொடுத்துத் திட்டங்கள் நடக்கும் வளர்ச்சி ஒத்துழைப்பில் அப்படியில்லை. கடன் கொடுப்பவர், மானியம் கொடுப்பவர், அந்தப் பணத்தில் வேலையை நடத்துபவர், வாங்குகிற அரசின் அதிகாரி, இவர்கள் எல்லாருக்கும் அறிக்கை எழுதித் தரும் ஆலோசகர் என்று ஒரே மேசையைச் சுற்றிப் பலர் உட்காருகிறார்கள். பேசுபவர் அதில் எந்த நாற்காலிக்காரர் என்று தெரியாவிட்டால், “இந்தத் திட்டம் அமோக வெற்றி” என்று அவர் சொல்வதை எப்படி எடைபோடுவது? அதைக் கூட்டத்துக்குச் சொல்லத்தான் அறிமுகம். பொன்னாடையும் நினைவுப் பரிசும் அதற்கு அப்புறம்.

பதவிப்பெயரில்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன. தூதரகங்களில் ‘மினிஸ்டர்’ என்று ஒரு பதவி உண்டு. தூதருக்குக் கீழே இருக்கும் மூத்த அதிகாரி அவர். தேர்தலில் நின்று ஜெயித்தவர் இல்லை. ‘அமைச்சர்’ என்று எழுதிவிட்டால் மேடையில் நாற்காலி வரிசையே மாறிவிடும். ‘ஃபர்ஸ்ட் செகரட்டரி’யை ‘முதன்மைச் செயலாளர்’ என்று எழுதுவது இன்னொன்று. நம் ஊரில் முதன்மைச் செயலாளர் என்றால் கோட்டையில் ஒரு துறையையே கையில் வைத்திருக்கும் ஐ.ஏ.எஸ். தூதரகத்தின் ஃபர்ஸ்ட் செகரட்டரி அந்தக் ‘கவுன்சிலரு’க்கும் ஒரு படி கீழே. நேர்மாறாகவும் நடக்கும். அமெரிக்காவின் ‘செகரட்டரி ஆஃப் ஸ்டேட்’ அந்த நாட்டின் வெளியுறவு அமைச்சர். அவரிடம் ஆலோசகராக இருந்த ஒருவரை ‘மாநிலச் செயலாளரின் ஆலோசகர்’ ஆக்கிய அழைப்பிதழைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

‘ஹை கமிஷனர்’ என்ற சொல்லும் ஆளை ஏமாற்றும். கொழும்பில் இருக்கும் இந்திய ஹை கமிஷனர் ஒரு தூதர். காமன்வெல்த் நாடுகள் தங்களுக்குள் தூதரை அப்படித்தான் அழைக்கின்றன. ஐ.நா.வின் அகதிகளுக்கான ஹை கமிஷனரோ ஓர் உலக அமைப்புக்கே தலைவர். ‘எக்ஸிகியூட்டிவ் டைரக்டர்’ இன்னும் மோசம். யுனிசெஃபில் அது உச்சிப் பதவி, ஒரே ஒருவர்தான். உலக வங்கியில் 25 பேர் இருக்கிறார்கள். உறுப்பு நாடுகளின் சார்பில் இயக்குநர் குழுவில் உட்காருபவர்கள் அவர்கள். இந்தியாவுக்கான நாற்காலியே வங்கதேசம், பூடான், இலங்கை மூன்றுக்கும் சேர்த்துத்தான். ‘மேனேஜிங் டைரக்டர்’ என்றால் சர்வதேச நிதியமான ஐ.எம்.எஃப்.பில் முதல் ஆள், உலக வங்கியில் தலைவருக்குக் கீழே இருப்பவர்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2023இல் அஜய் பங்கா உலக வங்கித் தலைவரானபோது, ஏதோ இந்தியாவே அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது போல நம்மில் பலர் பேசினோம். அவரை முன்மொழிந்தது அமெரிக்க அதிபர். பங்கா அமெரிக்கக் குடிமகன், அதற்கு முன் மாஸ்டர்கார்டு நிறுவனத்தை நடத்தியவர். இந்தியாவுக்காக அங்கே பேச வேண்டியவர் மேலே சொன்ன அந்த எக்ஸிகியூட்டிவ் டைரக்டர். அவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பிறந்த மண்ணையும் பிரதிநிதித்துவத்தையும் ஒன்றாக்கிவிடும் இந்தப் பழக்கம் அறிமுகக் குறிப்புகளில் சகஜம்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘சீஃப் ஆஃப் பார்ட்டி’. அமெரிக்க அரசின் நிதியில் நடக்கும் திட்டங்களில், ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்தின் சார்பில் களத்தில் குழுவை நடத்தும் தலைவருக்கு அந்தப் பெயர். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்த்த ஒரு தன்னார்வலர் எனக்கு அனுப்பியது: ‘கட்சித் தலைவர்’. நல்லவேளை, அச்சுக்குப் போகவில்லை.

இதற்கு நான் கண்ட வழி எளிது. பதவியை மொழிபெயர்க்காமல் வேலையைச் சொல்லிவிடுவது. ‘தூதரகத்தில் வளர்ச்சித் திட்டங்களைக் கவனிக்கும் மூத்த அதிகாரி’, ‘திட்டத்தைக் களத்தில் நடத்திய குழுவின் தலைவர்’. கேட்பவருக்கும் புரியும், வந்தவருக்கும் மரியாதை குறையாது. பதவிப்பெயர் வேண்டுமென்றால் அழைப்பிதழில் தமிழ் எழுத்தில் கூடவே போட்டுக்கொள்ளலாம்.

சரி, பெயர்க் குழப்பம் சிரிப்போடு போய்விடும். அடுத்தது அப்படிப் போகாது. ‘உலக வங்கியில் 12 ஆண்டுகள் பணியாற்றியவர்’ என்ற வரியைப் பார்த்தாலே இப்போதெல்லாம் நான் போனை எடுத்துவிடுவேன். அந்த ஒரு வரிக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு வாழ்க்கைகள் ஒளிந்திருக்கலாம். வங்கியின் நிரந்தர ஊழியராக வாஷிங்டனிலோ டெல்லியிலோ இருந்தவராக இருக்கலாம். குறுகிய கால ஆலோசகராக இருக்கலாம். அந்த ஒப்பந்தத்தில் ஒரு நிதியாண்டுக்கு 150 நாட்களுக்கு மேல் வேலை செய்ய முடியாது, 12 ஆண்டுகளில் மொத்தம் எத்தனை நாள் என்பது அவருக்குத்தான் வெளிச்சம். மூன்றாவது வகைதான் நம் ஊரில் அதிகம். வங்கிக் கடனில் மாநில அரசு நடத்தும் திட்டத்தில், அந்தத் திட்டத்துக்கென்று எடுக்கப்பட்டவர். அப்படி ஊரகப் பகுதிகளில் நடந்த ‘வாழ்ந்து காட்டுவோம்’ திட்டத்தில் வட்டார அளவில் வேலை பார்த்த பிள்ளைகளைக் கேட்டால் “வேர்ல்டு பேங்க் புராஜெக்ட்டில் இருந்தேன்” என்பார்கள். சொல்வது சரிதான். ஆனால் அவர்களை வேலைக்கு வைத்திருந்தது வங்கி இல்லை.

யாரும் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. குறிப்பு கைமாறக் கைமாறத் தேய்கிறது. பேச்சாளர் அனுப்பியதில் ‘உலக வங்கி நிதியுதவி பெற்ற குடிநீர்த் திட்டம் ஒன்றில் ஆலோசகர்’ என்று இருக்கும். அமைப்பாளர் சுருக்கும்போது ‘உலக வங்கி ஆலோசகர்’ ஆகும். ஃபிளெக்ஸ் அடிக்கிற கடைக்குப் போய்த் திரும்பும்போது ‘உலக வங்கி அதிகாரி’. மறுநாள் செய்தியில் ‘உலக வங்கி கருத்து’. ஒருமுறை கேள்வி நேரத்தில் ஒரு விவசாயி எழுந்து, எங்கள் ஏரிக்கு ஏன் பணம் ஒதுக்கவில்லை என்று அந்த மாதிரி ஓர் ஆலோசகரைப் பிடித்துக்கொண்டார். பாவம், அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு ரூபாய் ஒதுக்கும் அதிகாரம்கூட அவருக்குக் கிடையாது. அன்றைக்கு அரை மணி நேரம் வீண்.

ஐ.நா.வின் ‘சிறப்பு அறிக்கையாளர்’ விஷயமும் இதே ரகம். மனித உரிமை மன்றம் நியமிக்கும் சுயேச்சையான நிபுணர் அவர், ஐ.நா. ஊழியர் இல்லை, அந்தப் பணிக்குச் சம்பளமும் வாங்குவதில்லை. அவர் சொல்வதை ‘ஐ.நா. சொன்னது’ என்று போட்டால் அவருக்கும் சங்கடம், ஐ.நா.வுக்கும் சங்கடம்.

இன்னொரு வகைத் தவறு, இறந்துபோன நிறுவனங்களைக் கையாள்வதில். இந்தத் துறையில் நிறுவனங்கள் அடிக்கடி பெயர் மாறும், ஒன்றோடொன்று இணையும், மூடப்படும். பிரிட்டனின் வெளிநாட்டு உதவித் துறையான டி.எஃப்.ஐ.டி. 1997இல் தொடங்கி 2020இல் வெளியுறவு அமைச்சகத்தோடு இணைந்துவிட்டது. அதே வேலையைச் செய்த ஆஸ்திரேலியாவின் ஆஸ்எயிட், கனடாவின் சிடா இரண்டும் 2013இல் இதே வழியில் போயின. கென்னடி காலத்தில், 1961இல், தொடங்கிய அமெரிக்க உதவி நிறுவனமான யுஎஸ்எயிடின் திட்டங்கள் 2025 ஜூலை 1 முதல் அமெரிக்க வெளியுறவுத் துறையின் கைக்குப் போய்விட்டன. பழைய குறிப்பை எடுத்து அப்படியே வாசித்தால், இல்லாத அலுவலகத்தில் ஒருவரை ‘தற்போது பணியாற்றுகிறார்’ என்று சொல்லிவிடுவோம்.

இதைவிட நுணுக்கமான தவறு, பழைய பெயரை ‘திருத்துவது’. ஜெர்மனியின் தொழில்நுட்ப உதவி நிறுவனமான ஜி.டி.இசட். 2011இல்தான் வேறு இரண்டு அமைப்புகளோடு சேர்ந்து ஜி.ஐ.இசட். ஆனது. 1995இல் வேலை பார்த்தவரை ஜி.ஐ.இசட். ஊழியர் என்று எழுதினால் அது திருத்தம் இல்லை, பிழை. ஜப்பான் விஷயத்தில் இது இன்னும் சிக்கல். இன்றைக்கு ஜப்பான் கடன் என்றாலே, அந்த நாட்டு அரசின் உதவி நிறுவனமான ‘ஜைக்கா’ என்கிறோம். ஆனால் அந்தக் கடன்களை 1999 வரை ஓ.இ.சி.எஃப். என்ற நிதியமும், பிறகு ஜே.பி.ஐ.சி. வங்கியும் கொடுத்தன, 2008 அக்டோபரில்தான் ஜைக்காவின் கைக்கு வந்தது. தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் 1997இல் தொடங்கியது. அதில் இருந்த ஓய்வுபெற்ற வனத்துறைக்காரர் ஒருவரின் குறிப்பில் ‘ஜே.பி.ஐ.சி.’ என்று இருந்ததை, தட்டச்சுப் பிழை என்று நினைத்து ஓர் இளைஞர் ‘ஜைக்கா’ என்று மாற்றிவைத்திருந்தார். பெரியவர் மேடையிலேயே திருத்தினார், கொஞ்சம் காட்டமாகவே.

சுருக்கெழுத்துகளும் கவனம். ஏ.டி.பி. என்றால் மணிலாவில் இருக்கும் ஆசிய வளர்ச்சி வங்கி. அபிஜானில் இருக்கும் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியையும் சிலர் அப்படியே எழுதுவார்கள். ‘சென்னை மெட்ரோவுக்கு நிதி கொடுத்தவர்’ என்று ஒருவரை அறிமுகம் செய்ய ஆசைப்பட்டால், இரண்டாம் கட்டத்துக்கு மட்டுமே ஜைக்கா, ஏ.டி.பி., ஏ.ஐ.ஐ.பி. (ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி), என்.டி.பி. (பிரிக்ஸ் நாடுகளின் புதிய வளர்ச்சி வங்கி) என்று நாலு பேர் கடன் கொடுத்திருக்கிறார்கள் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொடுப்பது மேலைநாட்டுக்காரர்கள் மட்டும்தான் என்ற நினைப்பும் தப்பு. இந்தியா 1964 முதல் ஐடெக் திட்டத்தில் பிற நாட்டு அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறது.

நீளமான வாழ்க்கையில் எதை எடுப்பது, எதை விடுவது? கடைசிப் பதவியை மட்டும் வாசிப்பதுதான் வழக்கம். சடாகோ ஒகாட்டா 2003 முதல் 2012 வரை ஜைக்காவின் தலைவர். அதை மட்டும் சொன்னால் பாலத்துக்கும் மின்நிலையத்துக்கும் பணம் கொடுக்கும் நிறுவனத்தை நடத்தியவர் என்றுதான் கேட்பவர் நினைப்பார். அதற்கு முன் அவர் பேராசிரியர்; 1991 முதல் 2000 வரை, குர்துகள், போஸ்னியா, ருவாண்டா என்று அடுத்தடுத்து நெருக்கடிகள் வெடித்த காலத்தில், ஐ.நா. அகதிகள் அமைப்பின் தலைவர். வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது மனிதப் பாதுகாப்பு என்று அவர் ஏன் வலியுறுத்தினார் என்பது அந்தப் பத்தாண்டைச் சொன்னால்தான் புரியும். 2012இல் உலக வங்கித் தலைவரான ஜிம் யோங் கிம் ஒரு மருத்துவர், மானுடவியலாளரும்கூட. காசநோய், எய்ட்ஸ் சிகிச்சையை ஏழைகளிடம் கொண்டுபோகும் வேலையில் இருந்தவர். அவரை ‘பிரபல வங்கியாளர்’ என்று அழைத்தால் எப்படி இருக்கும்?

சங்கடமான பகுதியை மறைப்பதும் தவறுதான். ராபர்ட் மெக்னமாராவின் 1968 முதல் 1981 வரையிலான உலக வங்கிக் காலத்தை மட்டும் சொல்லி, அதற்கு முன் வியட்நாம் போரை நடத்திய பாதுகாப்பு அமைச்சர் என்பதை விட்டுவிட்டால் அது அறிமுகமா? நம் மேடைக்கு வருபவர்களிடம் இவ்வளவு பெரிய கதை இருக்காது. ஆனால், பேசப்போகும் திட்டத்தின் அடுத்த கட்டத்துக்கு அவருடைய நிறுவனமே டெண்டர் போட்டிருந்தால் கூட்டத்துக்குத் தெரிய வேண்டாமா? நேராகவே கேட்டுவிடுவேன். பெரும்பாலானவர்கள் தயங்காமல் சொல்லிவிடுகிறார்கள். தயங்குபவரின் குறிப்பை நானே சுருக்கிவிடுவேன்.

கடைசியாக, என்னை அதிகம் உறுத்துவது. போன வருடம் ஒரு கலந்துரையாடலுக்கு ஐந்து பேரின் விவரம் வந்தது. நாலு பேருக்கு ஆளுக்கு ஒரு பக்கம். ஐந்தாவது ஆளுக்கு ஒரே வரி: ‘சுய உதவிக் குழு உறுப்பினர், பயனாளி.’ பழைய தென்னாற்காட்டுப் பக்கத்துப் பெண். போன் செய்தேன். “ஐஃபாட் காலத்துலேர்ந்து இருக்கேன் சார்” என்றார். தமிழ்நாட்டில் அரசு சார்பில் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தர்மபுரியில், ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியமான ஐஃபாடின் நிதியுதவியில் தொடங்கி, சில வருடங்களில் தென்னாற்காட்டுக்கும் வந்தன. இவர் முதலில் ஊக்குநர், அப்புறம் மகளிர் திட்டத்தில் பஞ்சாயத்து அளவிலான கூட்டமைப்பின் செயலாளர், உலக வங்கிக் கடனில் புது வாழ்வுத் திட்டம் வந்தபோது கிராம வறுமை ஒழிப்புச் சங்கத்தில் பொறுப்பு. “வெளிநாட்டுக்காரங்க வந்தா மொதல்ல தீர்மானப் புத்தகத்தைக் கேப்பாங்க. கேள்வி கேக்கறதை வெச்சே இவங்க பணம் குடுக்கற ஆளா, கணக்கெடுக்க வந்த ஆளான்னு தெரிஞ்சுடும்” என்று சிரித்தார். அந்த மேடையில் இரண்டு வெளிநாட்டு நிறுவனங்களின் பணம் ஊருக்குள் வந்ததையும் போனதையும் நேரில் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

பயனாளி என்ற சொல்லை எடுத்துவிட்டு, வருடங்களையும் பொறுப்புகளையும் வரிசையாக எழுதினேன். மற்ற நாலு பேரின் பக்கங்களையும் அதே அளவுக்கு, ஆளுக்கு ஆறு வரியாகக் குறைத்தேன். அச்சுக்குப் போகும் முன் அவருக்கு போனில் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, “எல்லாம் சரி சார், பேருக்கு முன்னாடி எங்க ஊர் பேரைப் போட்டுடுங்க” என்றார். போட்டோம்.