சான்டா அனா காற்று வருமுன் வீட்டில் நான் மாற்றியவை

தெற்குக் கலிஃபோர்னியாவில் மலையடிவாரத்தில் எங்கள் வீடு. அக்டோபர் பிறந்தால் சான்டா அனா காற்று தொடங்கிவிடும், கூடவே காட்டுத்தீ பயமும். உள்நாட்டு மேட்டுப் பாலைவனத்திலிருந்து கடலை நோக்கி இறங்கும் காற்று அது. இறங்க இறங்கச் சூடேறி, ஈரம் வற்றிப்போகும். உதடு வெடித்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.

2025 ஜனவரி 7 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பாலிசேட்ஸும் ஆல்டடீனாவும் பற்றி எரிந்த இரவில், பையைக் கட்டி வைத்துவிட்டு விழித்திருந்தோம். அப்புறம்தான் வீட்டைச் சரியாகப் பார்த்தேன். தீ நேராக வந்து மோத வேண்டும் என்பதில்லை. காற்றில் பறந்து வரும் கங்கே போதும். எங்கள் ஜன்னலுக்குக் கீழே அழகுக்காகக் கொட்டிய மரச்சில்லு. பரணின் காற்றுத் துவாரத்தில் கால் அங்குலக் கண்ணி வலை. கங்கு தாராளமாக நுழையும்.

சுவரிலிருந்து 5 அடிக்கு மரச்சில்லை வாரிவிட்டு ஜல்லி போட்டேன். துவாரங்களுக்கு அரைக்கால் (1/8) அங்குலக் கண்ணி இரும்பு வலை. பிளாஸ்டிக் கொசுவலை வேண்டவே வேண்டாம், உருகிவிடும். இரும்பு வலையிலும் தூசி அடையும். மாதம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்டுகிறேன். சுவரை ஒட்டிய மரவேலியின் கடைசித் துண்டை எடுத்துவிட்டு இரும்புக் கதவு வைத்தோம். கூரை விளிம்பில் சேரும் பைன் சருகைக் காற்றுக்காலம் முழுக்க அள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொன்று: பலத்த காற்றில் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள், மோட்டாரில் ஓடும் கார் ஷெட் கதவு திறக்காது. மேலே தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டுக் கையால் தூக்க வேண்டும். அம்மாவுக்கும் பழக்கிவிட்டேன்.